கடைசிப் பக்கத்தில் அக்கா

என் அக்காவைப் பதினேழாம் பக்கத்துக்குத் தள்ளியவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் இவ்வளவு திறமாகச் செய்திருக்கமாட்டேன். நான் திட்டம் போட்டுச் செய்த எதுவும் இதுவரை ஒழுங்காக முடிந்ததில்லை.

அப்போது அக்காவுக்கு முப்பத்தொன்பது வயது, எனக்கு முப்பத்தைந்து. யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் ரெயில் பாதைக்குக் கிட்ட எங்கள் வீடு. நான் கம்பஸில் படிக்கும்போதே அப்பா மாரடைப்பில் போய்விட்டதால் வீட்டில் அம்மா, அக்கா, நான் என்று மூன்று பேர்தான். அக்கா ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தமும் சலமும் சோதிக்கிறவள். நான் முன்னறையில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கம்பனிகளுக்குக் கணினி நிரல் எழுதுகிறவன். எனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அம்மா, "கொம்பியூட்டர் இஞ்சினியர்" என்பாள். அக்கா, "வீட்டிலைதான் நிக்கிறான்" என்பாள். இரண்டும் உண்மை.

அக்காவுக்கு எட்டில் செவ்வாய். அப்படிப்பட்ட பெண்ணுக்கு அதே குற்றம் உள்ள மாப்பிள்ளைதான் வேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். அக்கா கட்டாமல் தம்பி கட்டக்கூடாது என்பது அடுத்த சட்டம். எனக்கோ தலைமயிர் முன்பக்கமிருந்து விடைபெற்றுக்கொண்டிருந்தது. ஆகவே அக்காவின் கலியாணத்தில் எனக்கிருந்த அக்கறை முழுக்கப் பாசம் என்று எழுதினால் கை கூசும். பாதி பாசம், மீதி மயிர்.

எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி ஓர் அன்ரி இருந்தார். இளைப்பாறிய ரீச்சர். வீட்டிலேயே திருமண சேவை நடத்தினார். அவரிடம் இருந்தவை ஏழெட்டுக் கொப்பிகள், ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு பயங்கரமான ஞாபகசக்தி. யாராவது குறிப்போடு போனால் கொப்பியைப் புரட்டிக்கொண்டே சொல்லுவார்: "இவர் முடிஞ்சுது. இவர் லண்டன் போட்டார், இனி வரார். உவர் சரிவருவார், ஆனால் தாய்க்காரி வலு கண்டிப்பு." அவ்வளவுதான். எது பொருந்தும், எது இன்னும் இருக்கிறது என்ற இரண்டையும் அந்த மனுசி ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்.

அதைக் கணினிமயப்படுத்துகிறேன் பேர்வழி என்று புறப்பட்டவன் நான். ஏழு வருடத்துக்கு முன் அவருடைய கொப்பிகளை எல்லாம் ஏற்றி, ஓர் இணையத்தளமும் அதற்கு ஒரு தேடலும் செய்து கொடுத்தேன். சாதி கேட்கும் பெட்டியை வைக்கமாட்டேன் என்று முதல் நாள் வீரம் பேசினேன். மூன்றாம் நாள் வைத்தேன். பிறந்த திகதிக்கும் ஒரு பெட்டி வைத்தேன். அதை அம்மாமார் யாரும் நிரப்பவில்லை. பிறந்த திகதி கண்டவன் கையில் போனால் சாதகத்தையே எழுதிவிடுவான், பிறகு செய்வினை சூனியம் என்று ஆயிரம் சோலி. அதனால் வயதை மட்டும் எழுதச் சொன்னேன். எழுதினார்கள். எழுதிய வயது எழுதியபடியே நின்றது. அக்காவின் விளம்பரமும் அந்த வருடம் ஏறியதுதான். வயது முப்பத்திரண்டு.

அன்ரி ஊரில் இருந்தவரை என் மடத்தனம் வெளியே தெரியவில்லை. தேடல் என்ன பட்டியலைக் கொடுத்தாலும் அவர் ஒருமுறை கண்ணை ஓட்டி, முடிந்தவர்களை வெட்டிவிட்டுத்தான் ஆட்களிடம் கொடுப்பார். பிறகு கனடாவில் இருந்த மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போனார். போகும்போது, "நீ இருக்கிறாய், உன்ரை மிசின் இருக்கு, எனக்கென்ன கவலை" என்றார். எனக்கு நெஞ்சு விரிந்தது. அன்றே அவரை விமானத்திலிருந்து இறக்கியிருக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. இங்கே ஒரு சம்பந்தம் சரிவந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். வாய் திறந்தால் மொட்டைக் கடதாசி வரும். பெடியன் குடிகாரன், பெட்டைக்கு வலிப்பு என்று பெயர் போடாமல் எவனாவது எழுதிப் போட்டுக் குழப்பிவிடுவான். ஆகவே கலியாண எழுத்து, அதாவது பதிவு, முடியும்வரை மூச்சு விடாமல் இருப்பார்கள். முடிந்த பிறகோ விளம்பரம் போட்டதையே மறந்துவிடுவார்கள். "எங்கடை பிள்ளைக்கு முடிஞ்சுது, அதை எடுத்துவிடு" என்று ஏழு வருடத்தில் ஒரு சீவன் எனக்குச் சொன்னதில்லை. அன்ரி கோயிலிலும் கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் ஆட்களைப் பார்த்து எல்லாம் தெரிந்துகொள்வார். என் மென்பொருள் எந்தக் கலியாண வீட்டுக்கும் போவதில்லை. போனாலும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கும், என்னைப் போல.

என் தேடல் பொருத்தத்துக்குப் புள்ளி போட்டது. நட்சத்திரத்துக்கு இவ்வளவு, செவ்வாய்க்கு இவ்வளவு, படிப்புக்கு, ஊருக்கு, உயரத்துக்கு. எல்லாவற்றையும் கூட்டி, புள்ளி கூடியவரை மேலே வைக்கும். அம்மா தேடும்போதெல்லாம் மேலே வந்து நின்றவர் இணுவிலைச் சேர்ந்த ஓர் இஞ்சினியர். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. எட்டில் செவ்வாயும் உண்டு.

"தம்பி, உவருக்கு இன்னும் முடியேல்லைப் போலை. ஒவ்வொரு நாளும் முதலாவதா வாறார்" என்றாள் அம்மா.

"பொருத்தம் அப்பிடியம்மா" என்றேன் நான், அந்தப் பொருத்தத்தை நானே பெற்று வளர்த்ததுபோல.

விளம்பரத்தில் கிடந்த இலக்கத்துக்கு அடித்தால் பாவனையில் இல்லை என்றது. அப்போதாவது எனக்கு மூளை வேலை செய்திருக்கலாம். அம்மாவோ, "போனிலை கதைச்சால் சாட்டுச் சொல்லுவினம், நல்ல நாளாப் பாத்து நேரை போவம்" என்றாள். அக்கா வேலைக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு சீப்புக் கப்பல் வாழைப்பழமும் பிஸ்கட் பெட்டியுமாக ஓட்டோவில் இணுவிலுக்குப் போனோம். நான் நீளக் காற்சட்டைக்கு இஸ்திரிகூடப் போட்டிருந்தேன்.

படலையைத் திறந்தவர் மாப்பிள்ளையேதான். படத்தில் இருந்த அதே முகம். இடுப்பில் ஒரு குழந்தை. இன்னொன்று அவருடைய சாரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றது.

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என் சாவுவரை மறக்கமாட்டேன். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, "கோயிலுக்கு வந்தனாங்கள் தம்பி. தேவாரம் படிக்கிற ரீச்சர் வீடு இதுவோ?" என்றாள். அப்படி ஒரு ரீச்சர் உலகத்தில் இல்லை. அம்மா அந்த இடத்திலேயே படைத்தாள். அத்தோடு வந்த வழியே திரும்பியிருக்கலாம். நான்தான் பொறுப்புள்ள இஞ்சினியர் ஆயிற்றே, பிழை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டாமா?

"இல்லையண்ணை, திருமண சேவையிலை உங்கடை விளம்பரம் பாத்தனாங்கள்" என்றேன்.

"ஐயோ, அது இன்னும் கிடக்கோ? எனக்கு முடிஞ்சு ஆறு வருசம்!" என்று அவர் சிரித்தார். நல்ல மனுசன்.

உள்ளேயிருந்து அவருடைய மனைவி கரண்டியோடு வந்தாள். "என்னது இன்னும் கிடக்கு?"

"தகுந்த மணமகளைத் தேடுகிறார் எண்டு..." என்று நான் விளக்கத் தொடங்கினேன்.

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்தாள். "ஓகோ. இன்னும் தேடுறியளோ?"

அதற்குப் பிறகு அங்கே நின்றது மரியாதை இல்லை. பிஸ்கட் பெட்டியைச் சின்னவன் பறித்துக்கொண்டான். வாழைப்பழத்தை நாங்கள் திருப்பிக் கொண்டுவந்தோம். ஓட்டோ கொக்குவில் ஸ்ரேசனை எட்டியதும் அம்மா, "உன்ரை மிசினைக் கொண்டுபோய்க் கிணத்துக்கை போடு" என்றாள்.

கிணற்றில் போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். நான் அதைத் திருத்தினேன்.

பிழை எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பழசெல்லாம் மேலே வருகிறது, அதுதானே? அப்படியென்றால் பழசைக் கீழே தள்ளு. ஒரு விளம்பரத்தில் கடைசியாகக் கை வைத்த நாளிலிருந்து மாதத்துக்கு இத்தனை என்று புள்ளி குறைகிறமாதிரி எழுதினேன். குறைத்தது கொஞ்சநஞ்சமா? இணுவிலில் பட்ட வெட்கம் முழுவதும் அந்த ஒரு வரியில் இறங்கியது. நேற்றுப் போட்ட விளம்பரம், நட்சத்திரமும் பொருந்தாது செவ்வாயும் பொருந்தாது என்றாலும், மேலே வந்து உட்கார்ந்தது. பழைய விளம்பரம், எத்தனை பொருத்தம் இருந்தாலும், அடியில் தாண்டு போனது. அது மட்டுமில்லை. விளம்பரத்தில் ஏதாவது மாற்றினால் வயதையும் மறுபடி எழுதச் சொல்லும் ஒரு பெட்டியையும் வைத்தேன். வயதுகள் சரியாகிவிடும் என்பது என் எண்ணம்.

அன்ரி கனடாவிலிருந்து கூப்பிட்டுப் புகழ்ந்தார். "இப்ப நல்லா வேலை செய்யுதெண்டு எல்லாரும் சொல்லுகினம். வாறதெல்லாம் புது ஆக்கள்." நான் மூன்று நாட்கள் கால் நிலத்தில் படாமல் திரிந்தேன்.

அந்த மாதத்தோடு அக்காவைக் கேட்டு வரும் அழைப்புகள் நின்றன.

முன்பும் பெரிதாக வந்து கொட்டவில்லை. மாதத்தில் இரண்டு, மூன்று. அதில் ஒருவர் வெள்ளவத்தையிலிருந்து, ஒருவர் ஜேர்மனியிலிருந்து. வந்தால் அம்மா கை துடைத்துக்கொண்டு ஓடுவாள். இப்போது ஒன்றும் இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், நாலு மாதம். அம்மா சாத்திரியாரிடம் போனாள். சனி பார்க்கிறார் என்றார் சாத்திரியார். அன்று தொடங்கி ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா அக்காவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டுபோய் எள்ளெண்ணெய் எரித்தாள். எட்டு மாதம் எரித்தாள். சனியோ முன்னறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது அது தெரியாது. கடவுள் சத்தியமாகத் தெரியாது.

அக்கா வழக்கம்போல வேலைக்குப் போனாள், வந்தாள், ஸ்கூட்டியைக் கழுவினாள். அம்மா யாரோடாவது போனில் கதைக்கும்போது மட்டும் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு ஒரு கணம் காது கொடுப்பாள். அதை நான் கண்டிருக்கிறேன். கண்டும் என்ன, நான் எழும்பிப் போய் எதையும் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குளித்துவிட்டு வந்த அக்கா ஒரு கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டாள்.

"தம்பி, ஒரு மாப்பிள்ளை பகுதி தேடினால் உது எப்பிடித் தெரியும்? எனக்கொருக்கா காட்டு."

நான் பெருமையோடு காட்டினேன். அவள் தனக்கே பொருந்தும்படி எல்லாப் பெட்டியையும் நிரப்பினாள். தன் நட்சத்திரத்துக்குப் பொருந்தும் நட்சத்திரம், எட்டில் செவ்வாய், கொக்குவில், விஞ்ஞானப் பட்டம். இதைவிட நெருக்கமாக அவளை யாரும் தேட முடியாது. முதல் பக்கம் வந்தது. அவள் இல்லை.

"அடுத்த பக்கம் எது?"

காட்டினேன். இல்லை. மூன்றாம் பக்கம். ஐந்து. ஒன்பது. "அக்கா, நான் பாத்துச் சொல்லுறன், நீ போய்..." என்றேன். அவள் என் கையைக் கணினி எலியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் தானே அமுக்கினாள். பதினேழாம் பக்கத்தில், அடியிலிருந்து மூன்றாவதாக, அக்கா கிடந்தாள். வயது முப்பத்திரண்டு. அதற்குப் பிறகு பக்கம் இல்லை.

அக்கா அந்த வரிமேல் விரலை வைத்தாள்.

"இது ஆர் செய்தது?" என்றாள். சத்தம் போடவில்லை.

"சொவ்ற்வெயர்..." என்றேன்.

"சொவ்ற்வெயரை ஆர் செய்தது?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இணுவில் கதை அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் புள்ளி குறைத்த கதை தெரியாது. அம்மா எரித்த எள்ளெண்ணெய் எல்லாம் என் கண் முன்னால் வந்து நின்றது. அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினாள், ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை.

"பேயா. ஆய்வுகூடத்திலை நாங்கள் ஒராளின்ரை சோதனை முடிவுத் துண்டுகளை அடுக்கேக்கை புதுசைத்தான் மேலை வைக்கிறம். போன மாசத்து இரத்தச் சீனி இண்டைக்குச் சரிவராது. ஆனால் இரத்த வகை மாறுமோ? அது எழுதின துண்டு எவ்வளவு பழசெண்டாலும் விசயம் அதேதான். அதையும் பழசெண்டு அடியிலை தாட்டால் எங்களை வேலையாலை கலைச்சுப்போடுவினம். என்ரை நட்சத்திரம் மாறாது. எட்டிலை செவ்வாயும் மாறாது, சனியன். வயசு மாறும். ஆள் இன்னும் நிக்கோ, முடிஞ்சுதோ எண்டது மாறும். அதைப் பாக்கிறதுக்கு நீ விளம்பரத்திலை கை வைச்ச நாளைப் பாக்கிறாய். கை வைச்ச நாளுக்கும் ஆள் நிக்கிறதுக்கும் என்னடா சம்பந்தம்? ஆளைக் கேட்டால்தானே தெரியும்!"

பத்து வருடமாக நான் பிழைக்கும் தொழிலை அவள் ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

"முதல் என்ரை வயசைத் திருத்து" என்றாள்.

குசினிக்குள் இருந்த அம்மாவுக்கு எப்படித்தான் கேட்டதோ, தேங்காய்ப்பூக் கையோடு வந்துவிட்டாள். "என்ன விசரே உனக்கு? முப்பத்தொன்பது எண்டு போட்டால் ஒரு நாயும் திரும்பிப் பாராது!"

"முப்பத்திரண்டு எண்டு ஏழு வருசமாக் கிடக்குது. எந்த நாயம்மா பாத்தது?"

அம்மா அந்த விளம்பரத்தில் கையே வைக்காததற்குக் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. கை வைத்தால் வயதைக் கேட்கும். அந்தப் பெட்டியை வைத்த மேதை நான். பிள்ளைகளுக்கு வயது போகக்கூடாது என்று ஊரில் உள்ள அம்மாமார் எல்லாம் விளம்பரத்தைத் தொடாமல் விட, தொடாததெல்லாம் பழசு என்று நான் தாட்டிருக்கிறேன்.

"அம்மா, எனக்கு வயசு போனதுக்கு வெக்கமில்லை" என்றாள் அக்கா. "வந்து பாக்கிறவை என்ரை முகத்தைப் பாத்துப்போட்டு, முப்பத்திரண்டெண்டெல்லே கிடந்தது எண்டு யோசிப்பினம் பாருங்கோ. அது தெரியும் எனக்கு. அதைத்தான் என்னாலை இனித் தாங்க ஏலாது."

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். தேங்காய்ப்பூ கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அக்காவே எலியைப் பிடித்து, முப்பத்தொன்பது என்று எழுதினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப மாப்பிள்ளையளின்ரை கடைசிப் பக்கத்தைக் காட்டு."

"என்னத்துக்கு?"

"என்னைப்போலை அங்கையும் ஆக்கள் கிடப்பினமெல்லே."

ஏழு வருடத்தில் அந்தக் கடைசிப் பக்கத்தை நான் ஒருநாள்கூடத் திறந்து பார்த்ததில்லை. அக்கா என் போனை வாங்கி, ஒரு கொப்பியை விரித்து, அன்றே அடியிலிருந்து அடிக்கத் தொடங்கினாள். "வணக்கம், திருமண சேவையிலையிருந்து கதைக்கிறன். உங்கடை விளம்பரம் இன்னும் தேவையோ?" எழுதிக்கொள்ள வசதியாகப் போனை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்து குட்டுப்பட்ட மாணவன்போல ஒவ்வொன்றாகக் குறித்தேன். ஒரு தாய், "மூண்டாவது பேரப்பிள்ளையும் பிறந்திட்டுது, நாங்கள் மறந்தே போனம்" என்றாள். மகனுக்குக் கலியாணம் நடந்து நாலு வருடமான ஒரு தகப்பன், குரலைத் தாழ்த்தி, "ஓம், முடிஞ்சுது. ஆனால் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். பாதி இலக்கங்கள் வேலை செய்யவில்லை.

இரண்டாவது ஞாயிறு, மானிப்பாய் விளம்பரம் ஒன்று. தபால் கந்தோரில் வேலை. எட்டில் செவ்வாய். வயது முப்பத்துநாலு என்று கிடந்தது. அம்மா எப்போதும் 'பட்டதாரி' என்ற பெட்டியில் புள்ளடி போட்டே தேடுவாள். இவர் பட்டதாரி இல்லை. அதனால் எங்கள் வீட்டுத் திரையில் ஒருநாளும் வந்திருக்கமாட்டார். வழக்கமாகத் தாய்மார்தான் போனை எடுப்பார்கள். இந்த முறை அவரே எடுத்தார்.

"விளம்பரம் இன்னும் தேவையோ?" என்று அக்கா கேட்டாள்.

"அது அம்மா போட்டது" என்றார். "அம்மா போய் மூண்டு வருசம். கடவுச்சொல் அவவுக்குத்தான் தெரியும். எடுக்கவும் ஏலாமல், மாத்தவும் ஏலாமல் அப்பிடியே விட்டிட்டன்."

"அப்ப நாங்கள் எடுக்கட்டோ?"

"பொறுங்கோ" என்றார் அவசரமாக. "அதிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்கா வாசிப்பியளோ? நான் ஒருநாளும் பாக்கேல்லை."

அக்கா வாசித்தாள். நட்சத்திரம், உயரம், வேலை. கடைசியில், பிற விபரங்கள் என்ற பெட்டியில் அந்தத் தாய் தன் கையால் எழுதியிருந்தாள்: 'அமைதியானவர். கோபம் வந்தால் பேசாமல் இருப்பார், ஒரு மணித்தியாலத்தில் சரியாகிவிடுவார். தோசை நன்றாகச் சுடுவார்.' அதை வாசிக்கும்போது அக்காவின் குரல் இறங்கிவிட்டது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இப்ப சுடுறேல்லை" என்றார். "ஒராளுக்கெண்டு மா அரைக்க மனம் வராது."

அக்கா சிரித்தாள். அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம். "வயசு முப்பத்துநாலு எண்டு கிடக்கு."

"நாப்பத்தொண்டு."

"திருத்தட்டோ?"

"திருத்துங்கோ. உள்ளதைப் போடுங்கோ." பிறகு கேட்டார்: "நீங்கள் அங்கை வேலை செய்யிறனீங்களோ?"

அக்கா பேனையை மூடி வைத்தாள்.

"இல்லை. நானும் அதிலைதான் கிடக்கிறன். போன கிழமைவரை கடைசிப் பக்கம். வயசு முப்பத்தொன்பது, போன கிழமைதான் திருத்தினது."

நான் எழும்பி வெளியே போய்க் கிணற்றடியில் நின்றேன். உள்ளே அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. ரெயில் ஒன்று வந்து நின்று போனது. அதற்குப் பிறகும் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம் முழுவதும் நான் தேடலைத் திருத்தினேன். மாறாதவற்றுக்கு வயது போகாது என்று ஆக்கினேன். கை வைத்த நாளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கடைசியாக ஆளைக் கேட்டு உறுதி செய்த நாளைப் பார்க்க வைத்தேன். கேட்பது யார்? நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து ஏச்சு வாங்குவது என் வேலையாயிற்று. அன்ரிக்கு விளக்கம் சொன்னபோது, "அதைத்தானேடா நான் முப்பது வருசமாச் செய்தனான்" என்றார்.

அக்காவுக்கும் அவருக்கும் சாதகம் பார்த்தார்கள். பொருந்தியது. அம்மாவுக்குப் பட்டதாரி இல்லையே என்ற குறை இரண்டு கிழமை இருந்தது. அவர் வீட்டுக்கு வந்து, அம்மாவின் தோசைச் சட்டியைப் பார்த்து, "இது நல்லாப் பழகின சட்டி" என்று சொன்னதோடு தீர்ந்தது. ஆவணியில் கலியாணம் என்று முடிவாயிற்று. எழுத்து முடியும்வரை ஒழுங்கைக்குள் ஒரு காகத்துக்கும் தெரியக்கூடாது என்று அம்மா கட்டளை போட்டாள்.

எழுத்துக்கு இரண்டு கிழமை இருக்கையில், பின்னேரம் வேலையால் வந்த அக்கா சப்பாத்தையும் கழற்றாமல் முன்னறைக்கு வந்தாள்.

"தம்பி, எங்கடை ரெண்டு விளம்பரத்தையும் எடு."

அம்மா பதறினாள். "இப்ப எடுத்தால் ஆரும் கவனிப்பினம்! மொட்டைக் கடதாசி வரும். முடியட்டும் பிள்ளை!"

"வந்தால் வரட்டும். எனக்கு முப்பத்தொன்பது, அவருக்கு நாப்பத்தொண்டு. இதுக்குமேலை எங்களைப்பற்றி என்ன எழுதப் போறாங்கள்? இனி ஒருத்தரும் வாழைப்பழத்தோடை வந்து அவரின்ரை படலையைத் தட்டக்கூடாது."

நான் பவ்வியமாக அக்காவின் விளம்பரத்தைத் திறந்து, 'நீக்கு' என்ற பொத்தானை அமுக்கினேன். திரையில் ஒரு வசனம் வந்தது: 'இந்த வசதி விரைவில் சேர்க்கப்படும்.'

அக்கா குனிந்து வாசித்தாள். "ஏழு வருசமா விரைவிலோ?"

ஏழு வருடத்தில் அந்தப் பொத்தானை அமுக்கிய முதல் ஆட்கள் நாங்கள்தான். யாரும் கேட்கமாட்டார்கள் என்று நான் அதை எழுதாமலே விட்டிருந்தேன். "பத்து நிமிசம் தா" என்றேன். ஒரு மணித்தியாலம் எடுத்தது. அக்கா எழும்பவில்லை. கதிரையில் இருந்தபடியே, சப்பாத்தோடு, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதி முடித்ததும் அவருடைய விளம்பரத்தை நான் நீக்கினேன். தாய் எழுதிய அந்த மூன்று வரியை அக்கா முதலே ஒரு தாளில் எழுதி எடுத்திருந்தாள். தன்னுடையதைத் தானே அமுக்கினாள்.

பிறகு நம்பிக்கையில்லாமல், அன்றைக்குச் செய்ததுபோல எல்லாப் பெட்டியையும் நிரப்பித் தன்னைத் தேடினாள். முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று ஒன்றும் விடாமல் கடைசிவரை போனாள். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். பதினேழு. எங்கேயும் அவள் இல்லை.

"இப்பதான்ரா உது சரியா வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு அக்கா அழத் தொடங்கினாள். நானும் அழுதேன். அம்மா வந்து, என்ன பிழை என்று தெரியாமலே, எனக்கு ஒரு குட்டுப் போட்டாள்.